அக்கா துப்பிய மாத்திரைகள்

தமிழ்ப்பள்ளி கேன்டீன் நடத்திய இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட நேற்றைய வடையைச் சூடாக்கி விற்றதில்லை நான். அப்படிப்பட்டவள் ஒரு டாக்டரின் முகத்தைப் பார்த்து, சிரித்துக்கொண்டே, கூசாமல் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒன்பது நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். கொஞ்சம் தவறியிருந்தால் என் மகள் கவிதா என் படத்துக்கு மாலை வாங்கப் போயிருப்பாள். இப்போது தேறிவிட்டேன். என்னைப்போல வாயை இறுக மூடிக்கொண்டு கிளினிக்குக்குப் போகிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் சரஸ்வதி. எல்லாருக்கும் சரசு. கோலா சிலாங்கூரில் வீடு. என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். போன வருஷம் ஒரு காலை, லோரியைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிகிறவரைக்கும் நான் நன்றாகத்தான் இருந்தேன். வந்தவர்களுக்கெல்லாம் நானே காப்பி கலக்கிக் கொடுத்தேன் என்றால் பாருங்கள். அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு, பைப்பைத் திறந்துவிட்டு, அதன்மேல் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். சாம்பாருக்கு மூன்று தடவை உப்புப் போடுவேன். கேன்டீன்காரி சமைத்த சாம்பாரைக் கவிதா ஒரு வாய் வைத்துவிட்டு, "ம்மா, கிளம்புங்க, கிளினிக் போகலாம்" என்றாள்.

கிளினிக்கில் சின்ன வயசு டாக்டர். தமிழ்ப் பெண். நல்ல பிள்ளை, கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். மனச்சோர்வு என்றார். சோம்பேறித்தனமும் இல்லை, பைத்தியமும் இல்லை, சர்க்கரை மாதிரி இதுவும் ஒரு நோய், மருந்து உண்டு என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குள் அவர் கேட்டார் பாருங்கள், "ஆன்ட்டி எந்த எஸ்டேட்?"

எங்கள் பக்கத்தில் ரெண்டு தமிழர் சந்தித்தால் முதல் கேள்வி அதுதான். பெயரெல்லாம் அப்புறம். எஸ்டேட் பெயரைச் சொன்னால் போதும். அங்கே யார் வேலை வாங்குகிற மண்டோர், யார் கணக்கெழுதுகிற கிராணி, எந்த வீட்டுப் பெண் யாரோடு போனாள் என்று நூல் பிடித்து நம் அடுப்படிவரைக்கும் வந்துவிடுவார்கள். நான் சொன்னேன். டாக்டரின் அம்மா எங்களுக்குப் பக்கத்து எஸ்டேட்டாம்.

"குடும்பத்துல யாராச்சும் இந்த மாதிரி மருந்து சாப்பிட்டிருக்காங்களா ஆன்ட்டி? சாப்பிட்டு ஒத்துக்காம போயிருக்கா?"

"சேச்சே, எங்க குடும்பத்துல அப்படியெல்லாம் யாரும் இல்ல டாக்டர்."

மலாய்க்கார டாக்டரோ சீன டாக்டரோ கேட்டிருந்தால் உள்ளதைச் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். தமிழ் டாக்டர், அதுவும் பக்கத்து எஸ்டேட். கவிதாவுக்கு ரவாங் பக்கம் ஒரு இடம் பேசிக்கொண்டிருந்த நேரம் வேறு. டாக்டர் அவர் அம்மாவிடம் சொல்லி, அம்மா இன்னொருத்தரிடம் சொல்லி, மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டால்? என் புத்தி அந்த மட்டில்தான் இருந்தது.

ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் ஒருத்தி இருந்தாள். என் அக்கா, லெட்சுமி.

அக்கா என்னைவிட ஏழு வயசு மூத்தவள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அவள் சிரித்தால் எட்டாவது வீட்டில் கேட்கும். பதினாறு வயசிலேயே அம்மாவோடு விடியற்காலைப் பெரட்டுக்குப் போய், பெயர் கொடுத்து, ரப்பர் மரத்தில் பால் வெட்ட ஆரம்பித்தவள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் சைக்கிளில் என்னைப் பின்னால் உட்காரவைத்து, வாய்க்கால் ஓரமாகவே மிதித்து, கடைக்குக் கூட்டிப்போய் ரோஜா பாகு ஊற்றிய ஐஸ் வாங்கித்தருவாள். காலை அகட்டி வைத்துக்கொள்ளச் சொல்லி நிமிஷத்துக்கொரு தரம் கத்துவாள். எதிரே ஒரு ஈ காக்கை இருக்காது, ஆனாலும் மணி அடித்துக்கொண்டே போவாள். ஒரு தடவை என் தலைமுடியில் ரப்பர் பால் ஒட்டிக்கொண்டது. அம்மா கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள். அக்காதான் பிடுங்கி வைத்துவிட்டு, ஒரு சாயங்காலம் முழுக்க என்னை மடியில் போட்டு, எண்ணெய் விட்டு விட்டு ஒவ்வொரு முடியாக உரித்தெடுத்தாள். இன்றைக்கும் தலையில் எண்ணெய் வைத்தால் அவள் விரல்தான் ஞாபகம் வருகிறது.

பதினெட்டில் அவளுக்குக் கல்யாணம். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிள்ளை தங்கவில்லை. அப்புறம் அக்கா பேசுவதை நிறுத்திவிட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். புருஷன் வீட்டிலிருந்து யாரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை. எஸ்டேட்டில் மருந்து கொடுக்கிற டிரஸர் சீட்டுக் கொடுத்து டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே மாத்திரை கொடுத்தார்கள்.

மாத்திரை உள்ளே போயிற்றா என்று பார்க்கிற வேலையை அம்மா எனக்குக் கொடுத்தாள். எனக்குப் பன்னிரண்டு வயசு. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? மண்டோர் மாதிரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பேன். "வாயைத் திற. நாக்கைத் தூக்கு. இந்தப் பக்கம் காட்டு. அந்தப் பக்கம்." அக்கா பேசாமல் காட்டுவாள்.

கொஞ்ச நாளில் அவள் பேச ஆரம்பித்தாள். ஆனால் பேச்சு சரியில்லை. "வாயெல்லாம் மணலா இருக்குடி சரசு. நெஞ்சு அடிச்சுக்குது. எழுத்தெல்லாம் மங்கலாத் தெரியுது." கை நடுங்கும், டீயைச் சிந்திவிடுவாள். அப்புறம் ஒரு மத்தியானம், சுவரெல்லாம் எறும்பு என்று துடைப்பத்தால் தட்ட ஆரம்பித்தாள். லயமே கூடி நின்று பார்த்தது. சுவரில் ஒரு எறும்பு இல்லை. அன்றைக்குத்தான் 'கிறுக்கு லெட்சுமி' என்ற பெயர் வந்தது. நோய் முற்றுகிறது என்று அம்மா ஆஸ்பத்திரியில் போய் அழுதாள். மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார்கள்.

அக்கா மாத்திரையைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவைத்து, நான் போனதும் பின்பக்கக் கால்வாயில் துப்பக் கற்றுக்கொண்டாள். நான் கண்டுபிடித்தேன். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அகப்பையால் அடித்தாள். அடி விழும்போது அக்கா அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

கடைசியில் சுங்கை ஆயர் தாவாரில் இருந்த மாமா வந்து, அம்மாவோடு சண்டை போட்டு, அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே யாரும் அவள் வாயைத் திறந்து பார்க்கவில்லை. ரெண்டே மாதத்தில் தேறிவிட்டாள் என்று செய்தி வந்தது. மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டதுதான் காரணம் என்றாள் அம்மா. கல்யாணம் முறிந்தது முறிந்ததுதான். அக்கா தென்னந்தோட்டத்தில் தேங்காய் உரித்தாள், மாமா பிள்ளைகளை வளர்த்தாள், அங்கேயே இருந்துவிட்டாள். எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்தால் அவளுக்கு அடுப்படிதான். முன்னால் வரவேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. அவளும் வந்ததில்லை. அதை ஒரு நல்ல குணமாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி என் கதை. மருந்து ஆரம்பித்த முதல் வாரம் குமட்டல். ரெண்டாவது வாரம் வேர்வை, உள்ளங்கை நனைகிற அளவுக்கு. கால் ஒரு இடத்தில் நிற்காது. படபடப்பு. தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது. டாக்டர் கேட்டபோது, "முன்னைவிட மோசமா இருக்கு டாக்டர்" என்றேன். மனச்சோர்வுக்கும் இதெல்லாம் வரும். குடும்பத்தில் ஒருத்திக்கு இதே மருந்துச் சங்கதி நடந்தது என்று தெரியாத டாக்டர் வேறு என்ன நினைப்பார்? மருந்து பத்தவில்லை என்று நினைத்தார். கூட்டிக் கொடுத்தார்.

பத்து நாள் கழித்து, காலை மார்க்கெட்டில் கெம்போங் மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீனெல்லாம் சேர்ந்து ஒரு பக்கமாகச் சரிந்த மாதிரி இருந்தது. சரிந்தது நான்தான். மீன்கார ஆ சோங் தராசை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து தலையைத் தாங்கியிருக்கிறார். இருபது வருஷமாக என்னிடம் பேரத்தில் தோற்ற மனுஷன். என் போனை எடுத்து கவிதாவைக் கூப்பிட்டு, "உன் அம்மா மீன் வாங்காம படுத்துட்டா லா, சீக்கிரம் வா" என்றாராம்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். இதயம் ஒரு தடவை அடித்துவிட்டு அடுத்த அடிக்குத் தயாராக ஒரு நேரம் வேண்டுமாம். எனக்கு அந்த நேரம் நீண்டு போயிருந்தது. அப்படியே நீண்டால் துடிப்பு தாறுமாறாகப் போய் நின்றுவிடலாம். ரத்தத்தில் உப்பும் இறங்கிவிட்டது. சாம்பாரில் மூன்று தடவை உப்புப் போட்டவளுக்கு உடம்பில் உப்பில்லை! மருந்தை நிறுத்தி, மெஷினோடு கட்டிப்போட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

வார்டில் பெரிய டாக்டர் வந்து அதே கேள்வியைக் கேட்டார். இவர் தமிழர் இல்லை. ஆனால் கவிதா பக்கத்தில் நிற்கிறாள். அவளிடமும் நான் அக்கா கதையைச் சொன்னதில்லை. ரெண்டாவது தடவையும் "இல்லை" என்றேன். உயிர் போகிற இடத்தில் கிடந்துகொண்டு மானத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவளை நீங்கள் பார்த்ததில்லை என்றால், என்னை வந்து பார்க்கலாம்.

நாலாம் நாள் மத்தியானம், பார்வையாளர் நேரம். பக்கத்துக் கட்டில் மலாய்க்கார அம்மா எனக்குப் பேரீச்சம்பழம் நீட்டிக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடையோடு அக்கா நின்றாள். சுங்கை ஆயர் தாவாரிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். யார் சொன்னார்கள் என்று கேட்டதற்கு, "எவனோ சொன்னான். நீ சொல்லலியே" என்றாள். அவ்வளவுதான் அவள் கோபம். கூடையிலிருந்து ரசத்தை எடுத்தாள். கரண்டியை வாங்கினேன். கை நடுங்கி ரசம் போர்வையில் சிந்தியது.

அக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாய் மணலா இருக்கா?"

"இல்ல. வேர்க்குது. நெஞ்சு படபடங்குது."

"என்னா மருந்து குடுத்தாங்க?"

மனச்சோர்வுக்கு மாத்திரை என்று கவிதா சொல்லிவிட்டாள். டாக்டர் ரெண்டு கட்டில் தள்ளி நின்றிருந்தார். அக்கா நேராக அவரிடம் போனாள். அவளுக்குத் தெரிந்த மலாயில், வார்டுக்கே கேட்கிற குரலில் சொன்னாள், "டாக்டர், நான் இவ அக்கா. சின்ன வயசுல எனக்கும் மனசுக்கு மாத்திரை குடுத்தாங்க. கை நடுங்கிச்சு, இல்லாத எறும்பு தெரிஞ்சுச்சு. எல்லாரும் கிறுக்குன்னாங்க. மாத்திரையை விட்டேன், சரியாப் போச்சு. எழுதிக்குங்க."

எனக்குப் போர்வைக்குள் போய்விடலாம் போல இருந்தது. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவை உட்காரவைத்தார். அரை மணி நேரம் கேட்டு எழுதிக்கொண்டார். அவளை நாற்காலியில் உட்காரவைத்து அந்தக் கதையைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

ரெண்டு பேரிடமும் ரத்தம் எடுத்து வெளி லேப்புக்கு அனுப்பினார்கள். உப்பு ஏறியது, இதயத்தின் படமும் சீரானது, ஒன்பதாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அக்கா ஊருக்குத் திரும்பவில்லை. "இவ சமைக்கிற லட்சணத்துக்கு நான் இல்லேன்னா புள்ள பட்டினிதான்" என்று என் அடுப்படியைப் பிடித்துக்கொண்டாள். ஆ சோங் கொடுத்தனுப்பிய மீனை அவள்தான் குழம்பு வைத்தாள். அந்த மூன்று வாரத்தில் ரோஜா பாகு ஐஸ் பற்றிப் பேசினோம், வாய்க்கால் பற்றிப் பேசினோம். மாத்திரை பற்றி மட்டும் பேசவில்லை.

முடிவு வந்த அன்று ஆஸ்பத்திரி டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்து மலாயில் விளக்கினார். நாம் சாப்பிடும் மருந்தை உடைத்து வெளியேற்ற ஈரலில் வேலைக்காரர்கள் மாதிரி சில புரதங்கள் இருக்கின்றன. அவை எப்படி வேலை செய்ய வேண்டும் என்ற குறிப்பு பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று வருகிறது. அதுதான் மரபணு. எனக்கு வந்த ரெண்டு குறிப்புமே வேலை செய்யாத குறிப்பு. அதனால் இன்றைக்குப் போட்ட மாத்திரை வெளியேறுவதற்குள் நாளைய மாத்திரை வந்து சேரும். மற்றவர்களுக்கு அளவான மருந்து எனக்குள் குவிந்துகொண்டே போகும்.

"உங்க அம்மா அப்பா சொந்தமா?" என்று கேட்டார்.

"அப்பாவுக்கு அம்மா சொந்த அத்தை மக" என்றேன். சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று கட்டிவைத்தார்கள். சொத்து என்று ஒரு கோழிக்கூண்டுகூட இல்லை. விட்டுப்போகாமல் வந்து சேர்ந்தது இதுதான்.

"சொந்தத்துல கட்டாதவங்களுக்கும் இது வரும். சொந்தம்னா வாய்ப்பு கொஞ்சம் கூடும்" என்றவர், அடுத்த தாளைப் புரட்டினார். "உங்க அக்காவுக்கும் அச்சு அசலா இதேதான். அந்தக் காலத்துல என்ன மாத்திரை குடுத்தாங்கன்னு சீட்டு இல்லாம உறுதியா சொல்ல முடியாது. ஆனா அப்போ குடுத்த மருந்துகள்ல சிலதும் இதே வழியாத்தான் உடையும். அவங்க சொல்ற அறிகுறி எல்லாம் மருந்து மிஞ்சிப்போனதுக்குப் பொருந்துது. அவங்க மாத்திரையைத் துப்பினதுதான் அவங்களைக் காப்பாத்தியிருக்கணும்."

நான் அக்காவைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அவள் துப்பிய மாத்திரையைக் காட்டிக்கொடுத்தவள் நான். அவள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரே வழியை, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அடைத்தவள் நான்.

கவிதா தனக்கும் பரிசோதனை வேண்டும் என்று கேட்டாள். அன்று சாயங்காலமே மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். மாப்பிள்ளையின் அம்மா, "எங்க வீட்லயும் ஒரு சித்தப்பா இருக்காரு" என்றாராம். மறைத்து மறைத்து எத்தனை வீட்டில் எத்தனை பேரை அடுப்படியில் உட்காரவைத்திருக்கிறோமோ!

ஒன்று சொல்ல வேண்டும். மருந்தின் பெயரை நான் எழுதவில்லை. அது கெட்ட மருந்து இல்லை, எத்தனையோ பேரை எழுப்பி உட்காரவைத்த மருந்து. இதைப் படித்துவிட்டு உங்கள் மாத்திரையைக் கால்வாயில் போட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் போங்கள். போனால் உள்ளதைச் சொல்லுங்கள்.

எனக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். ஈரலில் வேறு வழியாக உடைகிறதாம், அதிலும் சின்ன அளவு. மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போடப் பயம். கை வேர்த்து மாத்திரை நனைந்தது. அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அக்கா" என்றேன். "அன்னிக்கு அம்மாகிட்ட நான்..." அதற்கு மேல் வரவில்லை. நாற்பத்தாறு வருஷமாக வராதது அவ்வளவு சுலபமாக வந்துவிடுமா? மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கேவிக் கேவி அழுதேன். அவள் என்னைத் தடுக்கவில்லை. தலையில் கையை வைத்தாள். எண்ணெய் விட்டு முடி உரித்த அதே கை. தேங்காய் உரித்து உரித்துச் சொரசொரப்பாகியிருந்தது.

"உனக்கு என்னாடி தெரியும், நீ சின்னப் புள்ள" என்றாள். "முழுங்கு. ஒத்துக்கலேன்னா நான் பக்கத்துலதானே இருக்கேன்."

முழுங்கினேன். தண்ணீர் முழுவதும் குடித்தேன். அக்கா எழுந்து என் எதிரே வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வாயைத் திற" என்றாள். "நாக்கைத் தூக்கு."

நான் தூக்கினேன். அவள் குனிந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நன்றாகப் பார்த்துவிட்டு, எட்டாவது வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சிரித்தாள்.